சீராக வந்த ரோகு

பிறந்த வீட்டிலிருந்து சீர் வந்திருக்கிறது என்று யாரோ வாசலில் கூவியதும், வீட்டிலிருந்த பெண்கள் எல்லாரும் குலவையிட்டுக்கொண்டு ஓடினார்கள். ஜூதிகா ஓட முடியாது. அவள் புதுப்பெண். உள்ளறைக் கட்டிலில் முக்காட்டோடு உட்கார்ந்தபடியே ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தாள்.

பேட்டரி ரிக்ஷாவிலிருந்து தட்டுகள் இறங்கின. புடவைத் தட்டு, இனிப்புத் தட்டு, தயிர்ச் சட்டி, எண்ணெயும் சோப்பும் சீப்பும் வைத்த தட்டு. எல்லாவற்றையும் சித்தப்பா பையன்கள் தூக்கி வந்தார்கள். கடைசித் தட்டை மட்டும் அப்பா யாரிடமும் கொடுக்கவில்லை. தானே தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார். அதில் ரோகு மீன் இருந்தது. உடம்பைச் சுற்றிச் சிவப்புப் பட்டு, நெற்றியில் குங்குமம், மூக்கில் வளையம், வாயில் வெற்றிலை பாக்கு. அதுவும் ஒரு மணப்பெண்தான். பெண்ணைக் கொடுத்த வீடு, பெண்ணுக்குப் பின்னாலேயே அனுப்பிவைக்கும் இன்னொரு பெண்.

"அடேயப்பா, பொண்ணைவிட மீனுக்கு அலங்காரம் ஜாஸ்தி!" என்றாள் நிமாயின் அத்தை. மாப்பிள்ளை நிமாயை வளர்த்தவள் என்பதால் அவளுக்கு அந்த வீட்டில் எதையும் சொல்லும் உரிமை இருந்தது.

"நிறமும் பாருங்க அத்தை, மீன் நல்ல செவப்பு. பொண்ணுதான் கொஞ்சம் மாநிறம்."

"வயித்தைப் பாருங்கடி! இது கல்யாணத்துக்கு முன்னாடியே முழுகாம இருக்குது!"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். "ஆஷாட மாசம் சம்பந்தியம்மா, சினை இல்லாமலா இருக்கும்? வலையில வந்ததிலயே வயிறு நெறஞ்சதாப் பாத்து நான்தான் எடுத்தேன். அறுத்துப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு ஜூதிகாவுக்குக் கண் கலங்கியது. நேற்று அவளை அனுப்பும்போது அழுத அழுகையில் அந்தக் குரல் இன்னும் கட்டியிருந்தது.

அப்பாவின் பேர் நிராபத நஸ்கர். நகரத்துக்குக் கிழக்கே, கண்ணுக்கெட்டிய தூரம்வரை பரந்து கிடக்கும் பேரிகளில் ஒன்றில் மீன் வளர்க்கும் சங்கத்தில் அவர் ஓர் ஆள். பேரி என்றால் குளமும் அல்ல, ஏரியும் அல்ல. நகரத்தின் சாக்கடையைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு, வெயிலில் காயவைத்து, அது பச்சையாகப் பழுத்த பிறகு மீனை விடுகிற ஆழமில்லாத நீர்ப்பரப்பு. பச்சையை மீன் தின்னும். மீனை நகரம் தின்னும். தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தான். அப்பா தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தே மதகைத் திறக்கலாமா வேண்டாமா என்று சொல்வார். ஆனால் சோனார்பூர்ச் சந்தையில் அவர்கள் மீனுக்குச் சாக்கடை மீன் என்றுதான் பேர். பேரிப் பெண்களைப் பெண் பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவதாக ஒரு கேலியும் உண்டு.

பிறகு கால்வாயின் மேல்பக்கத்தில் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. நகரத்துத் தண்ணீர் அதில் புகுந்து கண்ணாடி மாதிரி வெளியே வந்தது. தோல் பதனிடும் ஆலைக்காரர்களும் தங்கள் தண்ணீரைச் சுத்தம் செய்துதான் அதே கால்வாயில் விடுவதாகச் சொன்னார்கள். முதன்முதலாக அந்தத் தெளிந்த தண்ணீர் மதகு வழியே இறங்கிய அன்று ஊரே கங்கைக்குப் பூஜை போட்டுச் சர்க்கரை மிட்டாய் பங்கிட்டது. "இனி எவனாவது சாக்கடை மீனுன்னு சொல்லட்டும், பல்லை உடைக்கிறேன்" என்று அப்பா சொன்னார். காலையில் மதகைத் திறக்கும்போது லேசாக ப்ளீச்சிங் பவுடர் வாசனை அடிக்கும். அது சுத்தத்தின் வாசனை என்று எல்லாருமே நினைத்தார்கள்.

அந்தத் தண்ணீர்தான் இந்தச் சம்பந்தத்தையும் கொண்டுவந்தது. நிமாயின் அப்பா ஹாராதன் சாபுயி சோனார்பூரில் மீன் ஏல மண்டி வைத்திருப்பவர். முன்பெல்லாம் பேரி மீனைத் தொடாதவர், சுத்திகரித்த தண்ணீர் மீன் என்று பலகை எழுதிவைத்தால் என்ன விலை போகும் என்று யோசித்துப் பார்த்து, பெண் கேட்டு வந்துவிட்டார். கல்யாணச் சடங்கெல்லாம் முடிந்த மறுநாளிலிருந்து சங்கத்தின் மீன் முழுக்க அவர் மண்டிக்குத்தான் என்று பேச்சு. நாளைக் காலை முதல் வலை. பேரியை நம்பியிருக்கிற நாற்பது குடும்பமும் அந்த வலையைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் பச்சை பிடிக்காததால் தீவனம் காசு கொடுத்து வாங்கி, எல்லாருமே கடனில் கழுத்துவரை முங்கியிருந்தார்கள்.

போன மழைக்காலம் முடிந்ததிலிருந்தே ஜிலேபி மீன்களின் விலாவில் சிவப்புப் புண் வந்துகொண்டிருந்தது. சில மீன்களுக்குச் செவுள் வெளுத்துப்போயிருந்தது. ஆகாயத்தாமரை பறிக்க இறங்கும் பெண்கள் காலைச் சொறிந்துகொண்டே வீடு வந்தார்கள். விற்க முடியாத மீனை என்ன செய்வது? புண்ணிருந்த இடத்தைச் செதுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் கடுகரைத்துக் குழம்பு வைத்து அவர்களே சாப்பிட்டார்கள்.

"கல்யாணம் முடியற வரைக்கும் புண்ணுங்கற வார்த்தை யார் வாயிலயும் வரக் கூடாது" என்று அப்பா வீட்டில் சொல்லிவைத்திருந்தார். "சின்னதுக்குத்தான் நோவு. பெருசுங்களைப் பாருங்க, ஒண்ணொண்ணும் சினை தாங்காம மெதக்குது." மாலையில் கரையில் நின்று, மந்தமாக நீந்தும் பெரிய ரோகுகளைக் காட்டிக் காட்டி அவர் சந்தோஷப்பட்டதை ஜூதிகா பார்த்திருக்கிறாள்.

"பௌமா, எழுந்து வா" என்று மாமியார் சந்தனா உள்ளே வந்தாள். மருமகளைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் பௌமா என்றே கூப்பிட்டாள். "இந்தப் புழுக்கத்துல மீன் சாயங்காலம் வரைக்கும் தாங்காது. எங்க வீட்டு வழக்கம் தெரியுமில்ல? மீன் மண்டி வீட்டுக்கு வர்ற மருமக, பொறந்த வீட்டுச் சீர் மீனைத் தானே அறுக்கணும். கை நடுங்கக் கூடாது."

"நடுங்கினா வெரலு போயிடும்!" என்றாள் நிமாயின் தங்கை பியாலி. ஏழு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவள் ஏற்கெனவே கொல்லைப்புறத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். "அண்ணி, சினை வடை மொதல்ல எனக்கு. அப்புறந்தான் உங்க புருஷனுக்கு. காலையிலேருந்து வேற எதுவும் தின்னாம காத்திருக்கேன்."

ஜூதிகா அரிவாள்மனையின் பலகையில் காலை மடித்து உட்கார்ந்தாள். பெண்கள் சுற்றி நின்றார்கள். சங்கு வளையும் சிவப்பு வளையும் மணிக்கட்டில் இடித்தன. மீனின் பட்டைக் கழற்றினாள், மூக்கு வளையத்தை எடுத்தாள், வெற்றிலையை எடுத்துத் தட்டில் வைத்தாள். செதில் உரிக்க வாலிலிருந்து கையைக் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள்.

செதில்கள் படிந்திருக்கவில்லை. ஒவ்வொன்றும் ஓரத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டு, தேவதாருக் காய் மாதிரி நின்றன. பட்டுக்குள் அது தெரியவில்லை. விரல் பட்டதுமே உதிர்ந்தன. அடியில் ஈரம் கசிந்தது. அவள் வயிற்றில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். சினை என்றால் ஊறவைத்த அரிசி மூட்டை மாதிரி கெட்டியாக எதிர்த்து நிற்கும். இது தண்ணீர்ப் பை மாதிரி ஒரு பக்கம் அமுங்கி இன்னொரு பக்கம் புடைத்தது.

முன்னறையிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "தண்ணிய நீங்க பாக்கணும் சம்பந்தி. காசு போட்டா அடியில தெரியும்."

"என்னடி, மீனுக்குச் சுளுக்கு எடுக்கறியா?" என்றாள் அத்தை. "அறு."

அறுக்காமல் இருக்க ஒரு காரணம் வேண்டும். ஒன்றும் கிடைக்கவில்லை. ஜூதிகா மீனைத் தூக்கி நிமிர்ந்து நின்ற கத்தியில் வைத்து, வயிற்றை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

மஞ்சள் தண்ணீர் கொட்டியது. பலகையில் வழிந்து, தரையில் ஓடி, செம்பஞ்சுக் குழம்பு பூசிய அத்தையின் கால்வரை போனது. அத்தை துள்ளிப் பின்வாங்கினாள். மீனின் வயிறு, காற்றுப் போன பந்து மாதிரி ஒட்டிக்கொண்டது. உள்ளே ஈரல் வெளிறிய மஞ்சளாக, வெள்ளைப் புள்ளிகளோடு நைந்திருந்தது. சினை இருக்க வேண்டிய இடத்தில், முதுகெலும்பையொட்டி, விளக்குத் திரி போல இரண்டு வற்றிய நூல்கள்.

பெண்கள் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள்.

"நெறகொடம்னு பாத்தா வெறும் தண்ணிக்கொடமா?" என்றாள் அத்தை. "வீட்டுக்கு வந்த மறுநாளே வெறும் வயிறு. ரொம்ப நல்ல சகுனம்தான்!"

"வடை இல்லையா?" என்றாள் பியாலி.

சந்தனா எல்லாரையும் விரட்டினாள். "போங்க, போய் வெத்தலை மடிங்க. சாயங்காலம் எரநூறு பேர் வர்றாங்க, இங்க நின்னு வேடிக்கை பாக்கறீங்க. பியாலி, நீ உள்ள போய்ப் படு." பிறகு மருமகளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள். ஈரலை ஒரு விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள். முப்பது வருஷம் மண்டி வீட்டில் இருந்தவள். அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"மகோதரம். வயித்துல நீர் கோத்துக்கிச்சு" என்றாள் மெதுவாக. "உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது அத்தை. சினைன்னுதான் நெனச்சாரு."

"ஆமா. தெரிஞ்சா தலையில வச்சுத் தூக்கிட்டு வருவாரா, பாவம்." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் ஜூதிகாவை இன்னும் பயமுறுத்தியது. "நல்லாக் கேட்டுக்கோ பௌமா. தலையையும் வாலையும் வெட்டு. வயித்துப் பக்கத்தை எறிஞ்சிடு. முதுகுத் துண்டை மஞ்சள் தூக்கலாப் போட்டு வறுத்துட்டா எந்த மீனுன்னு கடவுளுக்கே தெரியாது. மண்டியில மூட்டை தூக்கறவங்களுக்குக் குடுத்துடலாம். அத்தை சகுனம் சகுனம்னு நாலு நாள் கத்துவாங்க, அதை நான் பாத்துக்கறேன். பியாலிக்கு வெளியில நல்ல சினையா வாங்கிக் குடுத்துடறேன்."

"பியாலிக்கு ஏன் வேற, அத்தை?"

சந்தனா அவளை நிமிர்ந்து பார்த்தாள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து புதுப்பெண் கேட்ட முதல் கேள்வி அது.

"புள்ளத்தாச்சிப் பொண்ணு" என்றாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "எனக்கு உம்மேல ஒண்ணுமில்ல. ஆனா எங்க வீட்டுக்காரர் நாலு பேர்கிட்ட முன்பணம் வாங்கிட்டாரு. உங்க ஊர்ல நாப்பது அடுப்பு எரியணும். இதெல்லாம் ஒரு மீன் வயித்துக்குள்ள இருக்கற விஷயமா? மூடிடு."

சந்தனா எழுந்து போன பிறகும் ஜூதிகா அப்படியே உட்கார்ந்திருந்தாள். மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. அப்பாவின் பெருமை அப்படியே இருக்கும். அவளும் இந்த வீட்டில் தலைநிமிர்ந்து இருக்கலாம். நாளைக் காலை அந்தப் பெரிய வயிறுகளெல்லாம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். யாரோ ஒரு பெண் சினை வடைக்கு ஆசைப்பட்டு வாங்கிப்போவாள். அவளுக்காக வேறு மீன் வாங்கிவர அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

அந்த மீன் தின்றால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் போகலாம். தெரியாது என்பதுதான் அவளை மூடவிடவில்லை.

அவள் வாழையிலை ஓரத்தைக் கிழித்து, ஈரலையும் அந்த இரண்டு நூல்களையும் அதில் வைத்துக்கொண்டு எழுந்தாள். முக்காடு பின்னால் சரிந்தது. இழுத்துவிடக் கை இல்லை.

முன்னறையில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவுக்கு எதிரே இனிப்புத் தட்டு தொடாமல் இருந்தது. பேரன் பிறக்கும்வரை மகள் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று அவர் பிடிவாதம்.

"இதென்னடா இது, எங்க வீட்டுப் புதுப்பொண்ணு மீன் குடலோட சபைக்கு வருது!" என்று ஹாராதன் சாபுயி உரக்கச் சிரித்தார். "வாம்மா வா. உங்கப்பன் சொன்ன சினை எங்க?"

"சினையாம்மா?" என்று அப்பாவும் ஆவலாகக் கை நீட்டினார்.

"சினை இல்லப்பா. பாருங்க."

அவர் இலையை வாங்கினார். முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. அது உடனே போகவில்லை. ஈரலைப் பார்த்தார். நூலை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஒரு மீனுக்கு வயித்து நோவு இருக்கும்" என்றார். "ஊர்ல ஒருத்தனுக்கு வந்தா எல்லாருக்குமா?"

"நாளைக்கு வலை போட ஒதுக்கி வச்சதெல்லாம் இதே வயிறுதானேப்பா. நீங்கதானே கரையில நின்னு காட்டினீங்க."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அப்பாவின் முகம் மெதுவாக, பேரியில் தண்ணீர் வடிவது மாதிரி வடிந்தது. கரையில் நின்று பார்த்த ஒவ்வொரு வயிறும் அவருக்கு இப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"ஆஷாடத்துல வயிறு பெருத்தா அது சினைதான்" என்றார் யாரிடமோ முறையிடுகிற மாதிரி. "எங்கப்பா காலத்துலேருந்து. வேற எதுவா இருக்கும்? வேற எதுவும் இருந்ததே இல்லையே."

ஹாராதன் கதவைச் சாத்தினார். சிரிப்பை நிறுத்தியிருந்தார். "சம்பந்தி, இதுக்குப் போய் மனசை விடாதீங்க. நானும் வியாபாரிதான். உயிரோட விக்க வேணாம். வயித்தைக் கீறிச் சுத்தம் பண்ணி, ஐஸ்ல போட்டுத் தூரதேசம் அனுப்பிடுவோம். நம்ம ஊர்ல ஒருத்தனும் தின்ன மாட்டான். போதுமா?"

அப்பா அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருஷம் பூரா நீ இதைத்தானேம்மா தின்னே?"

ஜூதிகா தலையை ஆட்டினாள்.

"உங்கம்மாவும்."

"எல்லாரும்தானேப்பா."

"புண்ணைச் செதுக்கிட்டுத் தின்னுங்கன்னு நான்தான் சொன்னேன்." அவர் இலையை மடித்துத் துண்டின் முனையில் முடிந்துகொண்டார். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு."

அவள் கை கழுவிவிட்டுச் செம்பில் கொண்டுவந்தாள். அவர் வாங்கி, உள்ளே வெகு நேரம் பார்த்தார். அடி தெரிகிற தெளிவான தண்ணீர். குடிக்காமல் கீழே வைத்துவிட்டார்.

"நாளைக்கு வலை எறங்காது சம்பந்தி."

"அதைச் சொல்ல நீங்க யாரு? சங்கத்துல நாப்பது பேர் இருக்காங்க. காலை ஒடச்சுப் போடுவாங்க."

"போடுவாங்க" என்றார் அப்பா. "இதைக் காட்டிட்டு, அப்புறம் ஒடைக்கச் சொல்றேன்."

"அப்ப குடுத்த வாக்கு? இந்தச் சம்பந்தமே எதை வச்சு நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அப்பா எழுந்து ஹாராதனைக் கும்பிட்டார். பெண்ணைக் கொடுத்தவரின் கும்பிடு அது, நேற்றைவிடத் தாழ்ந்திருந்தது. ஜூதிகாவின் தலையில் கை வைத்தார். சரிந்திருந்த முக்காட்டை இழுத்துச் சரிசெய்துவிட்டு வெளியே போனார். சித்தப்பா பையன்கள் விருந்துக்கு இருக்கலாம் என்று வந்தவர்கள். ஒன்றும் புரியாமல் செருப்பைத் தேடிக்கொண்டு அவர் பின்னால் ஓடினார்கள்.

அதற்குப் பிறகு வீடு கல்யாண வீடாகவே நடந்துகொண்டது. வேறு எப்படி நடக்கும்? பந்தல்காரன் ஆணி அடித்தான். மாமனார் மாடிக்குப் போய்த் தொலைபேசியில் கத்தினார். "பேரிக்காரன் புத்தி" என்பது மட்டும் கீழே கேட்டது. சந்தனா மருமகளிடம் ஒரு வார்த்தையும் பேசாமல், மீனைச் சாக்கில் கட்டி எங்கோ கொடுத்தனுப்பினாள். மூட்டை தூக்குகிறவர்களுக்கா, குழிக்கா என்று ஜூதிகாவால் கேட்க முடியவில்லை.

மத்தியானம் சோறும் துணியும் கொடுக்கும் சடங்கு. நிமாய் கூச்சத்தோடு முன்னால் வந்து நின்றான். நல்ல பையன். கையில் வெண்கலத் தட்டு, சோற்றுக் குவியல், சுற்றிலும் கிண்ணங்கள், மேலே ஒரு புதுப் புடவை. அவளைப் பார்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

"இன்னையிலேருந்து உன் சோறும் துணியும் என் பொறுப்பு" என்று சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான்.

அத்தை தட்டை எட்டிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள். "மீன் எங்க? மீன் இல்லாத தட்டை யாருக்குடா குடுப்பாங்க? மீன் தொடாம இருக்க அவ என்ன தாலியறுத்தவளா? வாயில வரக் கூடாததெல்லாம் வரவைக்கறீங்களே!"

பயந்துபோய் யாரோ மீனைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டிருக்கிறார்கள். சமையல்காரர்களின் அண்டாவிலிருந்து அவசரமாக ஒரு துண்டு வந்து சோற்றின் ஓரத்தில் விழுந்தது. கடுகுக் குழம்பு சொட்டியது.

"இது எந்தத் தண்ணி மீனும்மா?" என்று வாசற்படியில் நின்ற பியாலி கேட்டாள். கை அவளுடைய வயிற்றின்மேல் இருந்தது.

எல்லாரும் குனிந்து தட்டைப் பார்த்தார்கள். வெட்டிய துண்டில் வயிறும் இல்லை, செவுளும் இல்லை. பார்த்துச் சொல்ல அதில் எதுவுமே இல்லை.

"சாப்பிடு" என்றாள் சந்தனா. அன்று காலைக்குப் பிறகு மருமகளிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை. சுற்றிலும் குலவை எழுந்தது.

ஜூதிகா முள்ளைப் பிரித்து ஒரு வாய் எடுத்துத் தின்றாள். ருசியாகத்தான் இருந்தது. வருஷம் பூராவும் வீட்டில் தின்றதும் ருசியாகத்தான் இருந்தது.